ஒரு அடி ஸ்கேலும் சைக்கிள் செயினும்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான், கல்லூரிக்கு தினமும் கியர் சைக்கிளில்தான் போய் வருகிறான். போன மாதம் ஒரு சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். "அண்ணா, புது செயின் போட்டு பத்து நாள்கூட ஆகலை. பாலத்துல ஏறும்போது அழுத்தி மிதிச்சா டக்குனு வழுக்குது, முட்டி போய் ஹேண்டில்பார்ல இடிக்குது. மட்டமான செயினைத் தலையில கட்டிட்டாங்களா?"

குனிந்து பார்த்தேன். செயின் நல்ல செயின்தான், சரியாகத்தான் மாட்டியிருந்தார்கள். கோளாறு பின்சக்கரத்துப் பற்களில் இருந்தது. பழைய செயினை அவன் இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றாமல் ஓட்டியிருக்கிறான். அது தேயத் தேயப் பற்களையும் தன் அளவுக்கு அரைத்துவிட்டது. இப்போது சரியான அளவில் வந்த புது செயின் அந்தப் பற்களில் உட்கார மாட்டேன் என்கிறது. இனி காசெட்டையும் மாற்ற வேண்டும், அதாவது பின்சக்கரத்தில் இருக்கும் பல் சக்கர அடுக்கு முழுவதையும். செயினை விட அதற்குச் செலவு கூடுதல். பழைய செயினைக் காலத்தில் ஒரு தடவை அளந்து பார்த்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. அளக்க ஐந்து நிமிடம் ஆகும். பள்ளிக்கூடத்துப் பெட்டியில் கிடக்கும் ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல் இருந்தால் போதும்.

அவனுக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் செயினைக் கிட்டத்தில் பாருங்கள். வெளியே இரண்டு தகடு, அடுத்தது உள்ளே இரண்டு தகடு, மறுபடி வெளியே இரண்டு, உள்ளே இரண்டு என்று மாறி மாறிப் போகும். வெளித்தகடுகளைக் குறுக்கே ஒரு சின்ன ஆணி பிடித்திருக்கும். கடைகளில் அதைப் பின் என்பார்கள். நான் இங்கே ஆணி என்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் பின்சக்கரம், பின்பக்கம் என்று வரும் இடங்களிலெல்லாம் குழம்பிப் போகும். அந்த ஆணி உள்தகட்டின் ஓட்டை வழியாகப் போகிறது. இன்றைய கியர் வண்டிச் செயினில் ஓட்டையின் விளிம்பு உள்பக்கமாக மடிந்து ஒரு சின்னக் குழல் மாதிரி இருக்கும், ஆணி அதற்குள் திரும்பும். குழலுக்கு வெளியே ஒரு உருளை தளர்வாகச் சுற்றும். பல்லின் மேல் போய் உட்காருவது இந்த உருளைதான். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இந்த ஆணி, குழல், உருளை அமைப்பைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பிருந்த செயின்களில் சுமை முழுவதும் ரொம்பச் சின்ன இடத்தில் விழுந்து சீக்கிரம் தேய்ந்து போகும். குழல் வந்த பிறகு அதே சுமை ஆணியின் நீளம் முழுக்கப் பரவியது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் அடிப்படை மாறவில்லை.

ஒரு ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவுக்கு அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்குலிஸ் வண்டியோ, பன்னிரண்டு கியர் போட்ட கார்பன் வண்டியோ, இன்று தெருவில் ஓடும் சைக்கிள்களில் இந்த அளவு ஒன்றுதான். அகலம் மாறும், தகட்டின் கனம் மாறும், இது மாறாது. ஒரு வெளிக்கண்ணியும் ஒரு உள்கண்ணியும் சேர்ந்தால் சரியாக ஒரு அங்குலம். பன்னிரண்டு ஜோடி எடுத்தால் சரியாக ஒரு அடி. ஸ்கேல் வைத்து அளப்பது இவ்வளவு சுலபமாக இருப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இப்போது தேய்மானத்துக்கு வருவோம். "செயின் நீண்டு போச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்வேன். ஆனால் தகடு ரப்பர் மாதிரி இழுபட்டு நீளுவதில்லை, நம் காலால் மிதித்து அந்த எஃகை இழுத்துவிட முடியாது. ஊரில் பழைய வீட்டு ஊஞ்சலைப் பார்த்திருப்பீர்கள். சங்கிலி வளையமும் வளையமும் ஒன்றில் ஒன்று தொங்கி உரசும் இடம் மட்டும் பளபளவென்று மெலிந்திருக்கும், மற்ற இடமெல்லாம் பழைய கனத்திலேயே இருக்கும். வருடக்கணக்கில் ஆடியதில் பலகை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். இரும்பு நீளவில்லை, உரசும் இடம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சைக்கிள் செயினிலும் அதேதான் நடக்கிறது. ஆணி குழலுக்குள் திரும்பித் திரும்பி இரண்டும் தேய்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துளி இடைவெளி விழுகிறது, அத்தனை துளியும் கூடி மொத்த நீளம் அதிகமாகிறது.

எவ்வளவு சின்னத் துளி என்று பாருங்கள். அரை சதவீதம் தேய்ந்த செயின் என்றால் ஒரு மூட்டுக்கு 0.06 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் கூடியிருக்கும், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ எந்த மெக்கானிக்காலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரு அடிக்குள் இருபத்துநான்கு மூட்டு இருக்கிறது, அத்தனையும் சேரும்போது ஒன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடும். அது ஸ்கேலில் பளிச்சென்று தெரியும்.

இந்த மூட்டுகள் எத்தனை தடவை மடங்குகின்றன என்பதையும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெடலோடு சேர்ந்து சுற்றும் முன்பக்கப் பல் சக்கரத்தில் 42 பல், செயினில் 114 மூட்டு, நிமிடத்துக்கு எழுபது சுற்று பெடல் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் செயின் முழுதாக 1,500 தடவைக்கு மேல் சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மூட்டும் முன்னால் மடங்கி நிமிர்கிறது, பின்னால் மடங்கி நிமிர்கிறது, கியர் வண்டியாக இருந்தால் பின்னால் கியர் மாற்றும் கருவியான டிரெய்லியரின் இரண்டு குட்டிச் சக்கரங்களிலும் மடங்கி நிமிர்கிறது. பின்னால் பதினொரு பல் சக்கரத்தில் ஓட்டினால் மூட்டு ஒவ்வொரு தடவையும் 33 டிகிரி அளவுக்கு மடங்க வேண்டும், 28 பல் சக்கரத்தில் 13 டிகிரி போதும். எப்போதும் கடைசிச் சின்னப் பல்லில் போட்டு முக்கி முக்கி மிதிப்பவர்களின் செயின் சீக்கிரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பெரிய காரணம் தூசி. நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் சிமென்ட் தூசி, துரஹள்ளிப் பக்கம் போனால் செம்மண், ஏப்ரல் மே மாதத்தில் சாயங்காலம் கொட்டும் மழை அடங்கியதும் சாலையோரச் சேறு. இது எண்ணெயோடு கலந்து செயினில் கறுப்பாக ஒரு குழம்பு பிடிக்கும். அந்தக் குழம்பு மூட்டுக்குள் இறங்கியதும் அம்மியில் வைத்து அரைக்கிற மாதிரி ஆணியை அரைக்கும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு, வண்டி எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேண்டாம். அதனால்தான் ஒரு செயின் எத்தனை கிலோமீட்டர் வரும் என்று யாராவது கேட்டால் ஒரே பதிலாகச் சொல்ல முடிவதில்லை. மழையிலும் புழுதியிலும் கவனிப்பில்லாமல் ஓடும் வண்டியில் 1,500 கிலோமீட்டரிலேயே போய்விடலாம், துடைத்து எண்ணெய் விட்டு ஓட்டுபவரிடம் 5,000 தாண்டியும் ஓடலாம். கிலோமீட்டரை எண்ணுவதைவிட அளந்து பார்ப்பதையே நம்புங்கள்.

சரி, அளப்போம். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், கோடுகள் அவ்வளவு துல்லியமாக இருக்காது, வளையவும் செய்யும். ஸ்டீல் ஸ்கேல் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும், எஸ்.பி. ரோடு ஹார்டுவேர் கடைகளில் இன்னும் நல்லதாகவே கிடைக்கும். முதலில் செயினை ஒரு பழைய துணியால் நன்றாகத் துடையுங்கள், அழுக்குப் படிந்திருந்தால் ஆணியின் தலை தெரியாது. பெடலை முன்பக்கமாகத் தள்ளி, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு லேசாக அழுத்தினால் மேல்பக்கச் செயின் விறைப்பாக நிற்கும். விறைப்பாக இருப்பது முக்கியம், தொய்ந்த செயினில் மூட்டின் இடைவெளி வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்ளும். தனியாகச் செய்யக் கஷ்டமாக இருந்தால் யாரையாவது பெடலைப் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிரேக் லீவரை ஒரு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

இனி, ஸ்கேலின் பூஜ்யக் கோட்டை ஒரு ஆணியின் இடது விளிம்பில் வையுங்கள். நடுவில் வைக்கச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் வட்டத் தலையின் நடு எது என்று கண் ஏமாந்துவிடும், விளிம்பில் வைத்தால் அந்தச் சந்தேகம் வராது. ஆரம்பத்தில் இடது விளிம்பு என்றால் முடிவிலும் இடது விளிம்பையே பார்க்க வேண்டும். அப்புறம் பன்னிரண்டு அங்குலக் கோட்டுப் பக்கம் போங்கள். புது செயினில் அங்கே ஒரு ஆணியின் இடது விளிம்பு சரியாகக் கோட்டில் இருக்கும். தேய்ந்த செயினில் அந்த ஆணி கோட்டைத் தாண்டி நிற்கும். எவ்வளவு தாண்டியிருக்கிறது என்பதுதான் நாம் தேடுகிற எண்.

இந்த இடத்தில் பலர் தப்பு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எந்த ஆணியில் ஆரம்பித்தீர்களோ அதே வகை ஆணியில்தான் முடிக்க வேண்டும். ஒரு வெளித்தகட்டின் இரண்டு ஆணியும் தகட்டில் இறுகப் பதிந்தவை, எத்தனை வருடம் ஓடினாலும் அவற்றுக்கு நடுவே உள்ள அரை அங்குலம் மாறாது. ஒரு வெளிக்கண்ணியின் வலது ஆணியிலிருந்து அடுத்த வெளிக்கண்ணியின் இடது ஆணி வரை, அதாவது உள்கண்ணியைத் தாண்டி வரும் தூரத்தில்தான், தேய்மானம் முழுவதும் சேர்ந்து கிடக்கும். ஆகவே செயினில் ஒரு அரை அங்குலம் மாறாமலும் அடுத்த அரை அங்குலம் கூடியும் மாறி மாறி இருக்கும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் அளந்தால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வெளித்தகட்டின் இடது ஆணியில் ஆரம்பித்தால் வெளித்தகட்டின் இடது ஆணியிலேயே முடியுங்கள், அப்போது முழு ஜோடிகள் கணக்கில் வந்துவிடும்.

சில ஸ்கேல் பன்னிரண்டு அங்குலத்தோடு முடிந்துவிடும், தாண்டிய அளவைப் பார்க்க இடமே இருக்காது. அப்படியானால் மில்லிமீட்டர் பக்கத்தைத் திருப்பி, ஒரு சென்டிமீட்டர் கோட்டிலிருந்து ஆரம்பித்துப் பத்து ஜோடியை மட்டும் அளந்தால் போதும். புது செயினில் பத்து ஜோடி 254 மில்லிமீட்டர், எனவே 26.4 சென்டிமீட்டர் கோட்டில் முடியும். தெருத் தம்பிக்கு இந்த வழிதான் பிடித்திருந்தது, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்று கோடு எண்ணுவது அவனுக்கு வரவில்லை.

எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? பன்னிரண்டு ஜோடி அளந்தால், ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டியது அரை சதவீதம், அங்குலக் கணக்கில் பதினாறில் ஒரு பங்கு. 2.3 மில்லிமீட்டர் தாண்டினால் முக்கால் சதவீதம். மூன்று மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தாண்டினால் ஒரு சதவீதம். பத்து ஜோடி அளப்பவர்களுக்கு இதே மூன்றும் முறையே 1.3, 1.9, 2.5 மில்லிமீட்டர். பின்னால் பல் சக்கரங்கள் பதினொன்றோ பன்னிரண்டோ அடுக்கியிருக்கும் வண்டியில் அரை சதவீதத்திலேயே மாற்றிவிடுவது நல்லது, அந்தச் செயின்களும் பற்களும் ரொம்ப ஒல்லி. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து சக்கர வண்டிகளில் முக்கால் சதவீதம் வரை போகலாம். கியரே இல்லாத சாதா சைக்கிளில் ஒரு சதவீதம் வரை விடலாம், பல்லும் செயினும் அகலம், கியர் மாற்றும் வேலையும் இல்லை.

ஒரே இடத்தில் அளந்து முடிவு கட்டிவிடாதீர்கள். பெடலைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் பாருங்கள், செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. அதிகமாக வந்த எண்ணையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேலோடு மல்லுக்கட்ட முடியாது என்பவர்களுக்கு செயின் செக்கர் என்று ஒரு சின்னக் கருவி விற்கிறது, சைக்கிள் பொருள் விற்கும் பெரிய கடைகளில் கிடைக்கும். தகடு மாதிரி இருக்கும், ஒரு பக்கம் 0.5, மறுபக்கம் 0.75 என்று எழுதியிருக்கும். ஒரு முனையை உருளைக்கு நடுவில் மாட்டிவிட்டு மறுமுனையைச் செயினில் இறக்க வேண்டும். இறங்காமல் மேலேயே நின்றால் செயின் நன்றாக இருக்கிறது, பொத்தென்று உள்ளே இறங்கிப் படுத்துவிட்டால் அந்த அளவுக்குத் தேய்ந்துவிட்டது. கை நழுவ வழியே இல்லாத வேலை, வாரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். விலை குறைந்த செக்கர்கள் இரண்டு முனையால் இரண்டு உருளையையும் எதிரெதிர்த் திசையில் தள்ளுகின்றன, அதனால் உருளையின் தளர்வும் சேர்ந்து கணக்கில் வந்து, உள்ளதைவிடக் கொஞ்சம் அதிகத் தேய்மானம் காட்டும். மூன்று இடத்தில் தொடும் செக்கர்கள் இரண்டு உருளையையும் ஒரே திசையில் தள்ளுவதால் அந்தக் குழப்பம் இல்லை. ஸ்கேலில் நாம் ஆணியைத்தானே பார்க்கிறோம், உருளை அதில் வருவதே இல்லை. எனக்கு ஸ்கேல்மேல் இருக்கும் நம்பிக்கைக்கு அதுதான் காரணம், செக்கர் கையில் இருந்தாலும் சந்தேகம் வந்தால் ஸ்கேலைத்தான் எடுப்பேன்.

கையால் செய்யும் ஒரு சோதனையும் உண்டு. முன்பக்கப் பல் சக்கரத்தின் முன்விளிம்பில், செயின் இருக்கும் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் இடத்தில், செயினை இரண்டு விரலால் பிடித்து முன்னால் இழுங்கள். பல்லிலிருந்து கொஞ்சமும் விலகாமல் ஒட்டி நின்றால் நல்லது, பல் முழுவதும் வெளியே தெரியும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் நிலைமை மோசம். வழியில் பழைய வண்டி ஏதாவது வாங்கலாமா என்று பார்க்கும்போது இது உதவும். அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம், பல் தேய்ந்திருந்தாலும் செயின் இதே மாதிரிதான் தூக்கும்.

இவ்வளவு நுணுக்கமாக ஏன் பார்க்க வேண்டும் என்றால், அந்த ஒன்றரை மில்லிமீட்டரோடு விஷயம் நிற்பதில்லை. செயினின் அளவு கூடும்போது உருளை பல்லின் அடிப்பள்ளத்தில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும். பல பற்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய இழுவை ஒன்றிரண்டு பற்களின்மேல் விழும். அந்தப் பல்லின் ஒரு பக்கம் குழிந்து, நாளடைவில் கொக்கி மாதிரி வளைந்துவிடும். புது காசெட்டைப் பார்த்தால் பல்லின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே சரிவாக இருக்கும், தேய்ந்ததில் ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டுப்பட்டு முனை சுறாமீனின் முதுகுத் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எல்லாப் பல் சக்கரமும் ஒன்றாகத் தேயாது. நீங்கள் தினமும் ஓட்டும் இரண்டு மூன்று சக்கரம்தான் முதலில் போகும். தம்பியின் வண்டியில் பெரிய சக்கரங்கள் புதிதாகவே இருந்தன, சின்னப் பல் பக்கம் மூன்று சக்கரம் மட்டும் கொக்கியாகிக் கிடந்தன.

இதில் மோசமான விஷயம், பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்தே தேய்வதால் ஒன்றுக்கொன்று பொருந்திப் போய்விடும், ஓட்டுபவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. புது செயின் போட்ட அன்றைக்குத்தான் வண்டவாளம் வெளியே வரும். நந்தி மலைக்கு ஒரு தடவை போனபோது எனக்கும் இது நடந்தது. முந்தின நாள்தான் வழக்கமாகப் போகும் கடையில் செயின் மாற்றியிருந்தேன், பல்லைப் பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. ஊரிலிருந்து அடிவாரம் வரை வழுவழுவென்று போனது. கடைசி ஏழெட்டு கிலோமீட்டர் ஏற்றத்தில், ஒரு வளைவில் எழுந்து நின்று மிதித்தேன், செயின் ஒரு பல்லைத் தாவியது, உடம்பின் பாரம் முழுவதும் போயிருந்த பெடல் காலியாகக் கீழே போனது. வலது முழங்கால் ஸ்டெமில், அதாவது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் தண்டில், மோதி வீங்கியது. பின்னால் கார் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சில்லென்கிறது. அன்றிலிருந்து மாதக் கடைசி ஞாயிறு காலை ஸ்கேலை எடுப்பது வழக்கமாகிவிட்டது.

ஆகவே செயின் மாற்றியதும் நேராக நெரிசலுக்குள் போகாதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில், நீங்கள் அதிகம் ஓட்டும் கியர் ஒவ்வொன்றிலும் போட்டு, இருக்கையில் உட்கார்ந்தபடியே நன்றாக அழுத்தி மிதித்துப் பாருங்கள். வழுக்கினால் காசெட்டும் போய்விட்டது என்று அர்த்தம். முன்பக்கப் பல் சக்கரத்துக்குப் பல் அதிகம் என்பதால் அது மெதுவாகத்தான் தேயும், செயினைக் காலத்தில் மாற்றிவந்தால் பல செயின் காலத்துக்கு வரும்.

சாதா சைக்கிள்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கியர் இல்லாத வண்டியில் தேய்மானம் முதலில் தொய்வாகத்தான் தெரியும், செயின் கவரில் உரசிச் சத்தம் வரும், குழியில் இறங்கினால் கழன்று விழும். பின்சக்கரத்து நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் இழுத்து இறுக்குவோம், அது சரியான வேலைதான். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குல அளவுக்கு மேலும் கீழும் ஆட வேண்டும். ஆனால் இழுத்து இழுத்துச் சக்கரம் கடைசிக்கு வந்துவிட்டபோது, "ஒரு கண்ணியை எடுத்துடலாம்ணே, சரியாயிடும்" என்று கடையில் சொல்வார்கள். எங்கள் அப்பாவின் வண்டிக்கு இப்படி இரண்டு தடவை கண்ணி எடுத்தார்கள். கண்ணியை எடுத்தால் தொய்வு போகும், மிச்சம் இருக்கும் நூற்றுச்சொச்சம் மூட்டிலும் தேய்மானம் அப்படியேதான் இருக்கும், அந்த அளவு கூடிய செயின் பல்லைத் தின்றுகொண்டேதான் இருக்கும். கண்ணி எடுக்க வேண்டிய அளவுக்குச் செயின் தொய்ந்திருந்தால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது. சாதா செயினின் விலையும் பெரிதில்லை.

புது செயின் வாங்கினால் நீளத்தைப் பழையதோடு பக்கத்தில் தொங்கவிட்டு ஒப்பிட்டு வெட்டாதீர்கள். 114 மூட்டுள்ள செயின் ஒரு சதவீதம் தேய்ந்திருந்தால் பதினான்கு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும், அது ஒரு மூட்டின் அளவையே தாண்டிவிட்டது. பழையதில் எத்தனை மூட்டு என்று எண்ணி, புதியதிலும் அதே எண்ணிக்கை வைத்து வெட்டுங்கள். கழற்றி மாட்ட வசதியாக இணைப்புக் கண்ணி கூடவே வந்தால் அதையும் எண்ணிக்கையில் சேர்க்க மறக்க வேண்டாம். அப்புறம், பின்னால் எத்தனை சக்கரமோ அத்தனைக்கான செயினையே கேட்டு வாங்குங்கள், எட்டு சக்கரத்துக்குப் பத்து சக்கரச் செயின் என்று கலந்தால் கியர் விழுவது தகராறாகும்.

எண்ணெய் விஷயத்தை நீட்டாமல் முடித்துவிடுகிறேன். சைக்கிள் செயினுக்கென்று விற்கும் எண்ணெயை உருளைக்கு ஒரு சொட்டு வீதம் உள்பக்கமாக விட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, வெளியே இருப்பதைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்ய வேண்டிய இடம் மூட்டின் உள்ளேதான், வெளியே பளபளவென்று நிற்கும் எண்ணெய் தூசியைத்தான் கூப்பிடும். மழையில் நனைந்து வந்தால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள், மறுநாள் என்று விட்டால் துரு ஏறும்.

தம்பியின் வண்டிக்குக் காசெட்டும் மாற்றியாகிவிட்டது. புது செயினை அன்றைக்கே பத்து ஜோடி அளந்தோம், 26.4 கோட்டில் ஆணியின் விளிம்பு கச்சிதமாக நின்றது. தேதியையும் எண்ணையும் ஒரு வெள்ளை டேப்பில் எழுதி, இருக்கைக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறான். போன ஞாயிறு அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் நாங்கள் நாலைந்து பேர் டீ குடிக்க நின்றபோது, பையிலிருந்து ஸ்கேலை எடுத்து எல்லார் வண்டியையும் அளக்க ஆரம்பித்துவிட்டான். ஒன்பது சக்கர வண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்குப் பன்னிரண்டு ஜோடியில் இரண்டு மில்லிமீட்டர் தாண்டி நின்றது. "இன்னும் கொஞ்ச நாள்தான் சார் இருக்கு, அடுத்த மாசத்துக்குள்ள மாத்திடுங்க, காசெட் தப்பிச்சிடும்" என்று அவன் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்கேலைத் தன் கையில் வாங்கி, ஆணி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தானே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.